ஆலிவின் கசப்பு எங்கே போகிறது?

மரத்திலிருந்து பறித்த ஆலிவ் காயை அப்படியே கடித்துப் பார்த்தவர்கள் இன்னொரு முறை கடிக்க மாட்டார்கள். நாக்கின் அடிவரை இறங்கும் கசப்பு. துப்பி, வாய் கொப்பளித்த பிறகும் நெடுநேரம் விடாது. பச்சைக் காய்தானே, பழுத்தால் சரியாகிவிடும் என்று கறுத்த பழத்தைக் கடித்தாலும் கசப்பு கொஞ்சம் குறைந்திருக்குமே தவிர, தின்னும்படி இருக்காது. மா, பீச், பிளம் போல நடுவில் ஒற்றைக் கொட்டை கொண்ட பழம்தான் இதுவும். அவை சதையில் சர்க்கரையைச் சேர்த்துவைக்கின்றன. ஆலிவ் எண்ணெயைச் சேர்த்துவைக்கிறது. அந்த வகைப் பழங்களில் சர்க்கரை 12 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்கும். ஆலிவில் அது 2.6 முதல் 6 வரைதான். எண்ணெயோ, இனத்தையும் பருவத்தையும் பொறுத்து, 12 முதல் 30 விழுக்காடு. இவ்வளவு கொழுப்புள்ள உணவு கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகிறது, ஆனால் யாராலும் அதை வாயில் வைக்க முடியவில்லை. கடைகளில் கண்ணாடிக் குப்பியில் மிதக்கும் ஆலிவும் இதே காய்தான். இடையில் அந்தக் கசப்பு எங்கே போனது?

விடையைத் தேட மத்தியதரைக் கடல் நாடுகளின் வீட்டு அடுக்களைகள் போதும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சைப்ரஸ் தீவில் பச்சை ஆலிவ் வந்து குவியும். வீட்டில் அதை ஒவ்வொன்றாகக் கல்லால் தட்டி வெடிக்கவிட்டு, தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீரை மாற்றி, கசப்பு இறங்கியதும் உப்புநீருக்கு மாற்றுகிறார்கள். முதன்முதலாக ஆலிவ் ஊறுகாய் போட நினைப்பவருக்கு இதைவிட எளிய வழி இல்லை. தமிழ்நாட்டுச் சந்தைகளில் பச்சை ஆலிவைக் காண்பது அரிது. மெல்பர்ன், அடிலெய்டு பக்கம் வாழும் தமிழர்கள் மார்ச், ஏப்ரல் வாக்கில் காய்கறிக் கடைகளிலேயே பார்க்கலாம். அடிலெய்டைச் சுற்றியுள்ள குன்றுகளில் அது தானாக முளைத்துப் பரவி, களை என்று அறிவிக்கப்படும் அளவுக்குப் போய்விட்டது. ஏன் தட்ட வேண்டும், ஏன் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், ஏன் அவசரப்படுத்த முடியாது என்று கேட்டுக்கொண்டே செய்தால், ஒரு வாளித் தண்ணீரில் வேதியியலும் இயற்பியலும் நுண்ணுயிரியலும் அடுத்தடுத்து வெளிப்படும்.

கசப்பிலிருந்தே தொடங்குவோம். அதற்குக் காரணமான முதன்மைப் பொருளின் பெயர் ஆலியூரோப்பீன். பூர்க்லோ, வின்டிலெஸ்கோ என்ற இரு வேதியியலாளர்கள் 1908இல் இதை ஆலிவிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். அதன் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்று தெளிவாக மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. இளங்காயின் உலர்ந்த எடையில் 14 விழுக்காடு வரைகூட இந்த ஒரே பொருள் இருக்கக்கூடும். அதில் மூன்று துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டுள்ளன: ஒரு முனையில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை, நடுவில் எலெனோலிக் அமிலம், மறுமுனையில் ஹைட்ராக்சிடைரோசால். சர்க்கரைத் துண்டு மட்டும் கழன்றுபோனால் மிச்சம் இருப்பது இன்னும் கசக்கும். ஹைட்ராக்சிடைரோசாலை நடுத்துண்டோடு சேர்த்திருக்கும் பிணைப்பு அறுந்தால் கசப்பு போய்விடும். உலகில் ஆலிவைப் பதப்படுத்தும் எல்லா முறைகளும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கின்றன: இந்த மூலக்கூறைக் காயை விட்டு வெளியேற்றுகின்றன, அல்லது அந்தக் குறிப்பிட்ட இடத்தில் அதை அறுக்கின்றன.

இவ்வளவு கசப்பை ஒரு மரம் ஏன் சேர்த்துவைக்கிறது? ஆலிவ், நம் மல்லிகையும் முல்லையும் பவழமல்லியும் இருக்கும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தில் ஜப்பானில் வளரும் லிகஸ்ட்ரம் என்ற செடியின் இலையிலும் ஆலியூரோப்பீன் நிறைய உண்டு. கொன்னோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் அந்த இலைகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவு அழகானது. இலையின் செல்லுக்குள் ஆலியூரோப்பீன் ஓர் அறையிலும், அதை உடைக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. நொதி என்பது ஒரு வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். இந்த நொதியின் பெயர் பீட்டா-குளுக்கோசிடேஸ். இலை நலமாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. புழு கடித்தால் தடுப்புகள் கிழிந்து இரண்டும் கலக்கின்றன. நொதி சர்க்கரையைக் கழற்றிவிட, மிச்சமுள்ள மூலக்கூறு துடிப்பு மிகுந்ததாகி, கண்ணில் பட்ட புரதங்களை எல்லாம் பற்றிப் பிணைத்துவிடுகிறது. குறிப்பாக, லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயனற்றதாக்குகிறது. புழு வயிறு நிறையத் தின்னலாம். அதில் வளர்வதற்கு வேண்டிய சத்து இருக்காது.

ஆலிவ் காயைத் தின்றே வாழும் ஈ ஒன்று இருக்கிறது. அதன் புழு பச்சைக் காய்க்குள் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்கு, அதன் குடலில் வாழும் பாக்டீரியாவைக் காட்டினார்கள் இஸ்ரேலிய ஆய்வாளர்கள். ஈக்களுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அந்த பாக்டீரியாவை ஒழித்தபோது, அவற்றின் புழுக்கள் பச்சைக் காயில் வளர முடியவில்லை. கசப்பு குறைந்த பழுத்த காயில் வளர்ந்தன. 2015இல் வெளியான இந்த ஆய்வு, மரத்தின் பாதுகாப்பு எவ்வளவு வலுவானது என்பதை ஓர் ஈயின் வழியாக நிறுவுகிறது. ஊறுகாய் போடுகிறவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: தோலில் ஊசி குத்தியதைப் போன்ற புள்ளி இருக்கும் காயை ஒதுக்கிவிட வேண்டும். உள்ளே அந்தப் புழு இருக்கலாம்.

இனி, தட்டுவதற்கு வருவோம். சுண்டைக்காய் வற்றல் போடும்போது காயை அம்மியில் லேசாகத் தட்டி, தண்ணீரில் அலசி, அதன் பிறகே உப்பு மோரில் ஊறப்போடுவார்கள். முழுக்காயாகப் போட்டால் உப்பும் ஏறாது, கசப்பும் இறங்காது என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த செய்தி. ஆலிவிலும் அதேதான். காயின் தோல் மெழுகு பூசியது. நீர் எளிதில் உள்ளே போகாது, உள்ளிருப்பதும் வெளியே வராது. கெட்டியான பச்சைக் காயைத் தட்டையான கல்லில் வைத்து இன்னொரு கல்லால் ஒரே அடி. தோல் வெடிக்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. வெடித்த இடம் சில நிமிடங்களில் பழுப்பாகும். சதையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நிறம் அது. தட்டியதும் உடனே தண்ணீருக்குள் போட்டால் பழுப்பு குறையும்.

தண்ணீருக்குள் போன பிறகு நடப்பதற்கு விரவல் என்று பெயர். மூலக்கூறுகள் எப்போதும் கண்டபடி அலைந்துகொண்டே இருக்கின்றன. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகிறவை அதிகம், திரும்பி வருகிறவை குறைவு. யாரும் தள்ளாமலேயே கசப்பு காயிலிருந்து நீருக்கு நகர்வது இதனால்தான். 1855இல் அடால்ஃப் ஃபிக் என்ற உடலியல் அறிஞர் இதற்கு ஒழுங்கான விதி ஒன்றைக் கண்டார். அவர் ஆராய எடுத்துக்கொண்டது சாதாரண உப்பும் தண்ணீரும்தான்: ஒரு பக்கம் உப்பு, மறுபக்கம் நன்னீர், நடுவில் குழாய். செறிவில் வேறுபாடு எவ்வளவு மிகுதியோ, இடையிலுள்ள தூரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு வேகமாக உப்பு நகர்ந்தது. தூரத்தைப் பொறுத்தவரை இதிலிருந்து கிடைக்கும் விளைவு நம் எதிர்பார்ப்பை மீறுவது. தூரம் இரண்டு மடங்கானால் விரவலுக்கு ஆகும் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

கல்லால் தட்டுவதன் பலன் இப்போது புரியும். வெடிப்புகள் சதைக்குள் ஊடுருவுவதால் ஒவ்வொரு செல்லும் நீருக்கு அருகில் வந்துவிடுகிறது. தூரம் மூன்றில் ஒரு பங்கானால் நேரம் ஒன்பதில் ஒரு பங்கு. தோல் கிழியாத ஆலிவுக்குக் கசப்பிறங்க மாதக் கணக்கு. கத்தியால் கீறியதற்கு வாரக் கணக்கு. தட்டியதற்கு நாள் கணக்கு. ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தினமும் தண்ணீர் மாற்றுவதற்கும் ஃபிக்கின் விதிதான் காரணம். வெளியே உள்ள நீரும் காயளவுக்குக் கசந்துவிட்டால், போவதும் வருவதும் சமமாகி, விரவல் நின்றதுபோல் ஆகிவிடும். புதிய நீர் ஊற்றும்போது அந்த வேறுபாடு மறுபடி பிறக்கிறது. கலங்கிய நீரில் பெருகத் தொடங்கும் வேண்டாத நுண்ணுயிர்களும் அதோடு வெளியேறுகின்றன. எத்தனை நாள் என்று தாளில் எழுதிவைத்து அதன்படி நடப்பதைவிட, நான்காம் நாளிலிருந்து தினமும் ஒரு காயைக் கடித்துப் பார்ப்பது நல்லது. நம் நாக்கில் கசப்பை உணரும் ஏற்பிகள் சுமார் 25 வகை. இனிப்புக்கு ஒரே வகைதான். கசப்பைக் கண்டுபிடிப்பதில் நாக்கு அவ்வளவு நுட்பமான கருவி.

நீரில் கரைந்துபோவது கசப்பு மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உடலுக்கு நல்லது என்று பெயர் பெற்ற ஹைட்ராக்சிடைரோசாலும் கூடவே போய்விடும். முழுக்க முழுக்கக் கசப்பே இல்லாத ஆலிவை நான் விரும்பாததற்கு அது ஒரு காரணம். இன்னொன்று சுவை. கடைசிக் கசப்பையும் விரட்டியடித்த ஆலிவ் உப்பிட்ட சதை மட்டுமே. ஆலிவ் மரத்தின் தன்மை அதில் இருப்பதில்லை.

அடுத்தது உப்புநீர். லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் கல்லுப்பு, கூடவே கொஞ்சம் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. தராசு இல்லாத காலத்திலிருந்து மத்தியதரைக் கடல் வீடுகளில் முட்டையை வைத்தே உப்பை அளக்கிறார்கள். புதிய முட்டை சாதாரண நீரில் மூழ்கும். உப்பு ஏற ஏற நீரின் அடர்த்தி கூடி, பத்து விழுக்காட்டை ஒட்டி முட்டை மேலே வந்து, ஓட்டில் காசளவு தெரியும். முட்டை புதியதாக இருக்க வேண்டும். பழைய முட்டையின் உள்ளே காற்றறை பெரிதாகிவிடுவதால் அது உப்பில்லாத நீரிலேயே மிதந்து ஏமாற்றும். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா இதே சோதனைக்குப் பாலாடைக்கட்டியைச் சொல்கிறார்: மூழ்கினால் உப்பு போதாது, மிதந்தால் தயார். ஆலிவைத் தட்டி உப்புநீரில் இடும் முறையும் அவர் நூலில் இருக்கிறது.

உப்பு இங்கே சுவைக்காக மட்டும் சேர்வதில்லை. செறிந்த உப்புநீர், சவ்வூடு பரவல் வழியாகக் காயின் செல்களிலிருந்து நீரை இழுக்கிறது. செல்கள் தளர்ந்து, சவ்வுகள் காவலை விடுகின்றன. உள்ளே எஞ்சியிருந்த கசப்பு கசிகிறது. அழுகவைக்கும் பல பாக்டீரியாக்களால் இந்த உப்பில் பெருக முடியாது. உப்பைத் தாங்கக்கூடிய லாக்டிக் அமில பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் தாங்கிக்கொண்டு, காயின் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. முழுக்காயைத் தட்டாமல் உப்புநீரிலேயே மாதக் கணக்கில் போட்டுவைக்கும் கிரேக்க முறையில் இந்த நுண்ணுயிர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் போன்றவை ஆலியூரோப்பீனை அறுக்கும் நொதிகளைத் தாங்களே வைத்திருக்கின்றன.

ஆனால் 1960களில் அமெரிக்க ஆய்வாளர்களை ஒரு புதிர் தடுமாறவைத்தது. பச்சை ஆலிவை அப்படியே உப்புநீரில் போட்டால் சிலவேளை லாக்டிக் பாக்டீரியா பெருகவே மறுத்தது. வட கரோலினாவில் பணியாற்றிய ஃபிளெமிங்கும் எட்செல்ஸும், காயை உப்புநீரில் போடுவதற்கு முன் சில நிமிடம் சுடுநீரில் முக்கிப் பார்த்தார்கள். அந்தக் காய் ஒழுங்காகப் புளித்தது. கசப்பு மூலக்கூறுதான் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்றால், சுடுநீர் அதை அழிக்கவில்லையே! பின்னர் வால்ட்டரும் சேர்ந்து தொடர்ந்த ஆய்வுகளில் விடை கிடைத்தது. தடுப்பது ஆலியூரோப்பீன் இல்லை. அது உடைந்து வரும் துண்டுகள். உடைப்பது காயின் சொந்த நொதி. சுடுநீர் அழித்தது அந்த நொதியை. லிகஸ்ட்ரம் இலையில் புழுவுக்கு எதிராக நடப்பதாகப் பிற்காலத்தில் கண்டறிந்த அதே ஏற்பாட்டை, இவர்கள் ஊறுகாய் ஜாடியில் முன்னரே தொட்டுவிட்டார்கள். எண்ணெய் ஆட்டும்போதும் இதுதான் நடக்கிறது. காயை அரைத்ததும் நொதி சர்க்கரையைக் கழற்ற, மிச்சமுள்ள மூலக்கூறு எண்ணெயில் கரையும் தன்மை பெறுகிறது. புதிதாக ஆட்டிய நல்ல ஆலிவ் எண்ணெயின் கசப்பும் தொண்டைக் காரமும் இந்த உறவுப் பொருள்களால் வருபவை.

காஸ்டிக் சோடா முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் செவில் பகுதியில் தொழில்முறையில் பச்சை ஆலிவை 2 விழுக்காட்டை ஒட்டிய காஸ்டிக் சோடாக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைக்கிறார்கள். காரம் தோலின் மெழுகைக் கரைத்து உள்ளே போய், நாம் முதலில் பார்த்த அந்த ஒரு பிணைப்பை நேராக அறுக்கிறது. கொட்டைவரை போகவிடாமல், சதையில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் நிறுத்திக் கழுவி, உப்புநீரில் புளிக்கவைக்கிறார்கள். மாதங்கள் மணிகளாகச் சுருங்குகின்றன. தோலையும் கண்ணையும் பொசுக்கும் பொருள் என்பதால் முதல்முறை செய்பவர் இதன் பக்கம் போக வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பீட்சாவில் வரும் கறுப்பு ஆலிவும் பெரும்பாலும் பழுத்துக் கறுத்ததில்லை. காரத்தில் ஊறிய பச்சைக் காய்க்குக் காற்றூட்டி, இரும்பு உப்பால் அந்தக் கறுப்பை நிலைக்கவைக்கிறார்கள். அதில் புளிப்பும் இல்லை, உப்பும் குறைவு. 1919இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் காண்டன் நகரில் ஒரு விருந்தில் பரிமாறப்பட்ட இவ்வகை ஆலிவால் 7 பேர் பொட்டுலினம் நஞ்சுக்குப் பலியானார்கள். அதன் பிறகுதான் டப்பாவில் அடைத்த ஆலிவை உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்துவது கட்டாயமாயிற்று.

இந்தக் காயைத் தின்னலாம் என்று முதலில் கண்டவர் யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் துருக்கியின் கராபுருன் தீபகற்பத்தில் வளரும் எர்கென்ஜே என்ற இனத்தைப் பார்த்தால் ஒரு யோசனை வருகிறது. அங்கே சில மரங்களில் ஈரமான கடற்காற்றுக் காலத்தில் காய் மரத்திலிருக்கும்போதே கசப்பு இறங்கிவிடுகிறது, பறித்தவுடன் தின்னலாம். ஒரு பூஞ்சையின் வேலை என்று இதற்கு நெடுநாளாக விளக்கம் சொல்லிவருகிறார்கள். காலத்தைப் பற்றி உறுதியான சான்று வேறோரிடத்தில் கிடைத்தது. ஹைஃபா நகருக்கு அருகே கடலில் மூழ்கியிருக்கும் ஹிஷுலே கார்மல் என்ற இடத்தில், கல் பதித்த இரு தொட்டிகளில் ஆயிரக்கணக்கான ஆலிவ் கொட்டைகளை எஹுத் கலிலி தலைமையிலான குழு கண்டது. வயது சுமார் 6,600 ஆண்டு. அது எண்ணெய் ஆட்டிய கழிவு இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? எண்ணெய்க்காக நசுக்கினால் கொட்டைகள் உடைந்திருக்கும். அதே கடற்கரையில் அதைவிடப் பழைய கஃபர் சமீரில் கிடைத்தவை அப்படித்தான் நொறுங்கிக் கிடந்தன. இங்கே பெரும்பாலானவை முழுசு. வெறுமனே சேமித்து வைத்ததாகவும் இருக்க முடியாது. கரையோர ஈரத்தில் காய் பூஞ்சை பிடித்துவிடும். அந்த மக்களுக்குப் பக்கத்திலேயே உப்புநீர் இருந்தது, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எனவே இவை ஊறுகாய்த் தொட்டிகள் என்று அந்தக் குழு முடிவு செய்தது. கடல்நீரில் ஆலிவை ஊறப்போட்டும் பார்த்தார்கள், தின்னும்படி வந்தது.

மீண்டும் அடுக்களைக்கு. கசப்பு அளவாக இறங்கிய காயை உப்புநீருக்கு மாற்றி, நீர் மட்டத்துக்கு மேலே ஒன்றும் தலைகாட்டாதபடி சிறு தட்டு வைத்து அமுக்க வேண்டும். காற்றுப் படும் இடத்தில்தான் பூஞ்சை பிடிக்கும். மேலே வெண்ணிறப் படலம் மெல்லிசாகப் படிந்தால் பெரும்பாலும் அது ஈஸ்ட், வழித்து எறிந்துவிடலாம். காய் கொழகொழத்தாலோ, கெட்ட வாடை அடித்தாலோ ருசிகூடப் பார்க்காமல் மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். தட்டிய ஆலிவைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதே நல்லது. உப்பும் புளிப்பும் குளிரும் சேர்ந்தால் ஓராண்டுவரை தாங்கும். பி.எச். அளவு 4.6க்குக் கீழே இருக்கும்படி புளிப்பு இருந்தால் பொட்டுலினம் பாக்டீரியா வளராது. வினிகரையோ எலுமிச்சையையோ கை சுருக்காமல் சேர்க்கச் சொல்வதற்கு அதுவே காரணம்.

சைப்ரஸில் பரிமாறும் அன்றுதான் தாளிதம்: ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைத் துண்டு, மேலே ஆலிவ் எண்ணெய். இதை மொத்த ஜாடிக்கும் சேர்த்துக் கலந்துவைக்கக் கூடாது. பூண்டு மண்ணில் விளைவது. பொட்டுலினம் வித்துகள் அதோடு வரலாம். எண்ணெய் அவற்றுக்கு வேண்டிய காற்றில்லாத இடத்தை அமைத்துக் கொடுத்துவிடும். ஓரிரு நாளில் தீரும் அளவுக்கு மட்டும் ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கலந்து, மிஞ்சியதைக் குளிரில் வைத்து, மறுநாளே தீர்த்துவிட வேண்டும்.